சுகாதார ஏஜென்சியோட அறிவியல் ஆலோசனைக் குழுவுக்கு ஆள் எடுக்கறது: என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்கற கேள்விகள்

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. ஒரு பொது சுகாதார ஏஜென்சியில அறிவியல் குழுக்களைப் பார்த்துக்கற செக்‌ஷன்ல பதினோரு வருஷம் இருந்தேன். மினிட்ஸ் எழுதறது, ஃபாரம் சரிபார்க்கறது, ப்ரொஃபசருங்களுக்கு போன் போட்டு கெஞ்சறது, டிரெயின் டிக்கெட் போடறது வரைக்கும் எல்லாம் நம்ம தலையிலதான். ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தப்புறம் சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம், அந்தப்பக்கம் பொள்ளாச்சி வரைக்கும் காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க, ஆஸ்பத்திரி டாக்டருங்க, மாட்டு டாக்டருங்க யாரைப் பார்த்தாலும் இதே சந்தேகங்கதான் கேட்கறாங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதி வெச்சுட்டேன். எந்த ஏஜென்சின்னு மட்டும் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.

ஏனுங்க, ஆலோசனைக் குழுன்னா மினிஸ்டர் பக்கத்துல உக்காந்து அட்வைஸ் சொல்ற ஆளுங்களா?

மினிஸ்டர் பக்கத்துல உக்கார்றது வேற கூட்டங்க. இங்க ஏஜென்சி ஒரு கேள்வியை எழுத்துல கொடுக்கும், குழு இருக்கற ஆராய்ச்சியெல்லாம் படிச்சுட்டு எழுத்துல பதில் கொடுக்கும், அவ்வளவுதான் வேலை. தடுப்பூசிக்கு நம்ம நாட்டுல என்டாகின்னு 2001லேர்ந்து ஒரு குழு இருக்கு, அமெரிக்காவுல ஏசிஐபி 1964லேர்ந்து இருக்கு, டபிள்யூ.ஹெச்.ஓ.வுக்கு சேஜ்னு 1999லேர்ந்து ஒண்ணு. சாப்பாட்டு விஷயத்துக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ன்னு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கே, அதுக்குக் கீழ சயின்டிஃபிக் பேனல்னு பல குழு இருக்கு.

நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். மீனாட்சிபுரம் செக்போஸ்ட்ல ஓணத்துக்கு முன்னாடி தமிழ்நாட்டுப் பால் லாரிய நிறுத்தி டெஸ்ட் பண்றாங்கல்ல, லாரிய விடறதா திருப்பறதாங்கறது அதிகாரி முடிவு. ஆனா எவ்வளவு இருந்தா கெடுதல்ங்கற நம்பர் குழு மாதிரி ஆளுங்க படிச்சுச் சொல்றது. பூஞ்சை புடிச்ச கடலைப் புண்ணாக்கை மாடு தின்னா பால்ல அஃப்ளாடாக்சின் எம்1னு கல்லீரலைக் கெடுக்கற விஷம் வரும், நம்ம நாட்டுல கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் வரைக்கும் விடுவாங்க, ஐரோப்பாவுல 0.05தான். பத்து மடங்கு வித்தியாசம். விஷம் ஒண்ணுதான், கல்லீரலும் ஒரே மாதிரிதான், ஆனா மக்கள் எவ்வளவு பால் குடிக்கறாங்க, எவ்வளவு ரிஸ்க்கை ஏத்துக்கலாம், கோடு போட்டா எவ்வளவு பாலை கீழ கொட்டணும்னு எடை போடறது வேற வேற மாதிரி வரும். அதை எடை போடத் தெரிஞ்ச ஆளைத்தான் தேடறோம்.

ஆபீஸ்லயே அத்தனை டாக்டருங்க சம்பளம் வாங்கறாங்க, அப்புறம் வெளியாளு எதுக்கு?

ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு மேல ஒருத்தர் இருக்கார், அவருக்கு மேல இன்னொருத்தர். "இது சரியில்ல சார்"னு சொன்னா அடுத்த மாசம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வருமோன்னு யோசிக்கணும். வெளியாளுக்கு அந்த பயம் கம்மி. இன்னொண்ணு, ஒரு ஏஜென்சி எல்லா சப்ஜெக்டுக்கும் ஆள் வெச்சுக்க முடியாது, வருஷத்துல ரெண்டு தடவை மட்டும் தேவைப்படற விஷயத்துக்கு முழுநேர ஆளு கட்டுப்படியாகாது.

விளம்பரம் எங்க வருது? நான் எந்தப் பேப்பர்லயும் பார்த்ததே இல்லையே

பேப்பர்ல தேடினா கிடைக்காது, வெப்சைட்ல வரும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.க்கு இது சட்டத்துலயே இருக்கு, 2006ம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டத்தோட 15வது பிரிவு, காலியிடத்தை முக்கியமான அறிவியல் இதழ்கள்லயும் தன்னோட வெப்சைட்லயும் போட்டு விருப்பம் கேட்கணும்னு சொல்லுது. டபிள்யூ.ஹெச்.ஓ. 'கால் ஃபார் எக்ஸ்பர்ட்ஸ்'னு போடும், அமெரிக்காக்காரங்க ஃபெடரல் ரெஜிஸ்டர்னு அவங்க கெசட்ல போடுவாங்க.

ஆனா உண்மையச் சொல்லட்டுமா, விளம்பரத்தைப் பார்த்து வர்ற அப்ளிகேஷன்ல பாதிக்கு மேல ஏற்கனவே நாலு குழுவுல இருக்கறவங்க போட்டது. அவங்களுக்கு விளம்பரம் எப்ப வரும்னே தெரியும். எங்களுக்கு வேண்டிய ஆளு ஏதோ லேப்ல மைக்ரோஸ்கோப்புக்கு முன்னாடி தலையைக் குனிஞ்சுட்டு இருப்பார், அவர் கண்ணுல இது படவே படாது. அதனாலதான் விளம்பரம் போட்டுட்டு வாயை மூடிட்டு உக்காந்திருக்கற ஏஜென்சியைப் பார்த்தா எனக்குக் கோவம் வரும். அதுலயும் சில பேர் பதினஞ்சு நாள்தான் டைம் கொடுப்பாங்க, அதுல ஓணம் லீவும் வந்துடும்.

நான் இங்க ஒரு சின்ன காலேஜ்ல அசிஸ்டண்ட் ப்ரொஃபசர், எய்ம்ஸ், வேலூர்னு இருக்கறவங்க முன்னாடி நம்மள யார் எடுப்பாங்க மேடம்?

எடுப்பாங்க, கட்டம் காலியா இருந்தா. கட்டம்னா என்னன்னு சொல்றேன். ஆள் தேடறதுக்கு முன்னாடி நாங்க ஒரு பெரிய தாள்ல கட்டம் போடுவோம், ஒரு பக்கம் வேணுங்கற திறமை, இன்னொரு பக்கம் இருக்கற ஆளுங்க பேர். நச்சியல், நோய்ப்பரவல், புள்ளியியல், நுண்ணுயிர், குழந்தை மருத்துவம், கால்நடை, அப்புறம் மக்கள் உடம்புக்குள்ள ஒரு பொருள் எவ்வளவு போகுதுன்னு கணக்குப் போடறவங்க. டாக்டர் கட்டம் எப்பவும் வழிஞ்சு நிக்கும். புள்ளியியல் கட்டமும் கடைசிக் கட்டமும் எப்பவும் காலி. ஒரு குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை மில்லி பால் குடிக்குது, பாலக்காட்டுல ஒருத்தர் எத்தனை கிராம் கருவேப்பிலை தின்கறார்னு கணக்கெடுத்து வெச்சிருக்கற ஆளு கிடைச்சா நாங்க ஸ்வீட் வாங்கிக் கொடுத்திருப்போம்.

அதனால காலேஜ் பேரு சின்னதா பெருசாங்கறது ரெண்டாவது விஷயம். கட்டத்துல எதை நிரப்பறீங்கங்கறதுதான் முதல்ல. பெரிய பேருக்கு ஒரு கெட்ட பக்கமும் இருக்கு, அவங்க மீட்டிங்குக்கு வர மாட்டாங்க. வந்தாலும் மதியத்துக்கு மேல ஃப்ளைட் இருக்கும்.

அப்ளிகேஷன்ல என்னதான் எழுதணும்? என்கிட்ட நாப்பது பக்கத்துக்கு பயோடேட்டா ரெடியா இருக்கு

நாப்பது பக்கத்தை வீட்டுலயே வெச்சுக்கங்க. ரெண்டு பக்கம் போதும். இந்தக் குழு பேசப்போற விஷயத்துல நீங்க பண்ணின வேலை எது, அதுல அஞ்சு கட்டுரை, ஒத்துமொத்த ஆதாரத்தைப் படிச்சு எடை போட்ட அனுபவம் உண்டா, வருஷத்துக்கு எத்தனை நாள் ஒதுக்க முடியும். கடைசி வரிதான் பாதிப் பேர் எழுத மாட்டாங்க, நான் முதல்ல பார்க்கறதே அதைத்தான்.

விருது, பொன்னாடை போட்ட போட்டோ, ரோட்டரி கிளப் தலைவர் பதவி இதெல்லாம் வேண்டாம். ஒருத்தர் கவிதைத் தொகுப்பு கூட அனுப்பி வெச்சார், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எந்தக் கட்டத்துல போடறது?

காசு வருமா?

பெருசா ஒண்ணும் வராதுங்க. டபிள்யூ.ஹெச்.ஓ. குழுக்கள்ல சம்பளமே கிடையாது, போக்குவரத்தும் தங்கற செலவும் மட்டும் பார்த்துப்பாங்க. மத்த இடங்கள்ல மீட்டிங்குக்கு ஒரு தொகை இருக்கலாம். ஆனா ஒரு நாள் மீட்டிங்குக்கு நாலு நாள் படிக்கணும், அந்த நாலு நாளுக்கு யாரும் காசு கொடுக்கறதில்ல. வீட்டுல கேட்பாங்க, இதுல என்ன லாபம்னு. நேர்மையான பதில், லாபம் இல்ல. தெரிஞ்சுட்டு வாங்க.

எத்தனை வருஷத்துக்கு போடுவாங்க?

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பேனல்ல மூணு வருஷம், நீட்டிக்கலாம். சேஜ்ல மூணு வருஷம், இன்னொரு தடவை மட்டும். ஏசிஐபில நாலு வருஷம். எல்லாரும் ஒரே நாள்ல வந்து ஒரே நாள்ல போகாம, கொஞ்சம் கொஞ்சமா மாத்தறதுதான் நல்ல முறை, பழசு தெரிஞ்ச ஆளு எப்பவும் ரெண்டு பேராவது உள்ள இருக்கணும். 2025 ஜூன்ல அமெரிக்க சுகாதார அமைச்சர் ஏசிஐபில இருந்த 17 பேரையும் ஒரேயடியா நீக்கிட்டு ரெண்டே நாள்ல எட்டு புதுப் பேரை அறிவிச்சார், அதுல ஒருத்தர் உக்கார்றதுக்கு முன்னாடியே விலகிட்டார். யார்கிட்ட காசு வாங்கினோம், யாரோட தொடர்புன்னு எழுதிக் கொடுக்கற டிக்ளரேஷன் ஃபாரத்தை எட்டு பேருக்கும் ரெண்டு நாள்ல ஒழுங்கா படிச்சு முடிக்க முடியுமான்னு என் செக்‌ஷன்ல இருந்த யாரைக் கேட்டாலும் சிரிப்பாங்க.

அந்த டிக்ளரேஷன் ஃபாரத்துல எதெல்லாம் எழுதணும்? எங்க மச்சான் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கார், அதுவுமா?

இதுதான் எல்லாரும் பயப்படற ஃபாரம். டபிள்யூ.ஹெச்.ஓ. ஃபாரத்தை வெச்சே சொல்றேன், மத்ததெல்லாம் சுமாரா அதே மாதிரிதான். கடந்த நாலு வருஷத்துல பார்த்த வேலை, கன்சல்டன்சி, ஆராய்ச்சிக்கு வந்த காசு, இப்ப கையில இருக்கற ஷேர், பேட்டன்ட், அப்புறம் கோர்ட்லயோ வேற இடத்துலயோ ஒரு கட்சிக்காக சாட்சி சொன்னது, இந்த விஷயத்தைப் பத்தி பொதுவுல எடுத்த நிலை, எல்லாம் கேட்பாங்க. புகையிலைக் கம்பெனித் தொடர்பை தனியா ஒரு கேள்வியாவே வெச்சிருக்காங்க. உங்களுக்கு மட்டும் இல்ல, வீட்டுக்காரர் வீட்டம்மா பேர்ல இருக்கறதும் சேர்த்திதான்.

மச்சான் கடைய எழுதுங்க. ஒரு வரிதானே, எழுதினா என்ன போச்சு? அது பிரச்சனையா இல்லையான்னு முடிவு பண்றது ஆபீஸ் வேலை. உங்க வேலை எழுதறது மட்டும். நான் பார்த்த கஷ்டமெல்லாம் எழுதினவங்களால வரல, "இதெல்லாம் ஒரு விஷயமா"ன்னு விட்டவங்களால வந்தது. ஒரு ப்ரொஃபசர், தங்கமான மனுஷன், ஃபாரத்துல எல்லா கட்டத்துலயும் 'இல்லை'ன்னு போட்டுக் கொடுத்தார். அவர் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு தீவனக் கம்பெனி மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கு, அது தன் பைக்கு வரலைங்கறதால அவருக்குத் தோணவே இல்ல. ஒரு பத்திரிகைக்காரர் காலேஜ் ஆண்டறிக்கையைப் புரட்டி அதைக் கண்டுபிடிச்சார், அந்த மெஷின் திறப்பு விழா போட்டோவோட. எட்டு மாசம் உக்காந்து எழுதின கருத்து முழுசையும் திரும்ப எடுத்து, அவர் இல்லாம மறுபடி பேசி, மறுபடி ஓட்டுப் போட்டோம். முடிவு மாறல. ஆனா வெளிய யாரும் நம்பல.

கம்பெனி காசு தொட்டவங்களே வேண்டாம்னா விவரம் தெரிஞ்சவங்க யாரு மிச்சம் இருப்பாங்க?

நியாயமான கேள்வி, இதை ஒரு பெரிய விஞ்ஞானியே என்கிட்ட டேபிளைத் தட்டிக் கேட்டார். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஆரம்பத்துல அமைச்ச பேனல்கள்ல சாப்பாட்டு, கூல்ட்ரிங்ஸ் கம்பெனிக்காரங்களே உறுப்பினரா உக்காந்திருந்தாங்க. பொதுநல வழக்கு போச்சு, 2011ல சுப்ரீம் கோர்ட் சட்டத்துல 'சுதந்திரமான அறிவியல் நிபுணர்கள்'னு இருக்கே, அப்படித்தான் இருக்கணும்னு சொல்லி மாத்தி அமைக்க வெச்சுது. அதே சட்டத்தோட 13வது பிரிவுலயே வழியும் இருக்கு, தொழில்காரங்களையும் நுகர்வோர் பிரதிநிதிகளையும் பேனல் கூப்பிட்டுக் கேட்டுக்கணும். கேட்டுக்கறது வேற, கூட உக்காந்து கை தூக்கறது வேற. மில்லுல மெஷின் எப்படி ஓடுதுன்னு மில்காரர் வந்து சொல்லட்டும், சொல்லிட்டு டீ குடிச்சுட்டுக் கிளம்பட்டும், முடிவு எழுதறப்ப அந்த ரூம்ல இருக்கக்கூடாது.

எல்லா உறவும் ஒரே எடை இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனி கான்ஃபரன்ஸ்ல பேசி ஷால் வாங்கினவரும், இப்ப மாசாமாசம் அந்தக் கம்பெனிகிட்ட காசு வாங்கறவரும் ஒண்ணா? ஷால்காரரை எழுத வெச்சுட்டு உள்ள எடுத்துக்கலாம். ஆராய்ச்சிக்குக் காசு வாங்கினவரு அந்த ஒரு பொருளைப் பத்திப் பேச்சு வர்றப்ப வெளிய போகணும். மாசச் சம்பளக்காரரை எடுக்கவே கூடாது, எவ்வளவு பெரிய மேதையா இருந்தாலும். எழுதிக் கொடுத்துட்டா எல்லாம் சுத்தமாயிடும்னு சில பேர் நினைக்கறாங்க, ஃபாரம் என்ன கங்கையா, முங்கி எழுந்தா பாவம் போக?

ஆள் மிச்சம் இருக்காதுங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். தேடினா கிடைக்கறாங்க, தேடறதுக்கு நேரம் ஆகும், அவ்வளவுதான். பக்கத்து சப்ஜெக்ட்ல, மாட்டு டாக்டருங்கள்ல, ரிட்டயர் ஆனவங்கள்ல, வேற மாநிலத்துல தேடணும்.

நான் கம்பெனி பக்கம் இல்லீங்க, எதிர்ப்பக்கம். போராட்டத்துக்கெல்லாம் போயிருக்கேன். என்னைய எடுப்பாங்களா?

இதைக் கேட்டவர் பெருமாட்டிக்காரர், அதனால அந்தப் பஞ்சாயத்துலயே இருக்கற பிளாச்சிமடையை வெச்சே பதில் சொன்னேன். 2000ல அங்க கூல்ட்ரிங்ஸ் ஃபேக்டரி வந்துச்சு, கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு 2002ல ஆதிவாசிப் பொம்பளைங்க குந்தவெச்சு உக்காந்தாங்க, ஃபேக்டரிச் சேறை உரம்னு விவசாயிங்களுக்குக் கொடுத்தாங்களே அதுல காட்மியமும் ஈயமும் இருக்குன்னு 2003ல பிபிசி ரேடியோ டெஸ்ட் பண்ணிச் சொல்லுச்சு, 2004 மார்ச்சுல ஃபேக்டரி நின்னுச்சு. அப்புறம் கேரள அரசு போட்ட உயர்நிலைக் குழு 2010ல நஷ்டம் 216.26 கோடி ரூபாய்னு கணக்கு கொடுத்துச்சு. தண்ணி, விவசாயம், உடம்பு, கூலி போனதுன்னு தனித்தனியா பிரிச்சுப் போட்ட கணக்கு. அந்த மாதிரி கணக்கு போடற இடத்துல எந்தப் பக்கம் நின்ன ஆளும் இருந்தா எதிர்த்தரப்பு முதல்ல அவர் பேரைத்தான் கையில எடுக்கும்.

ஆனா கருத்து வெச்சிருக்கறது குத்தம் இல்ல. போராட்டத்துக்குப் போனேன்னு ஃபாரத்துல எழுதுங்க, மேல சொன்னேனே 'பொதுவுல எடுத்த நிலை'ன்னு, அந்தக் கட்டத்துல. அதே விஷயம் பேசற குழுவுல உறுப்பினரா இல்லாம, வந்து சொல்ற ஆளா இருக்கறது உங்களுக்கும் நல்லது, அந்த ஊருக்கும் நல்லது. வேற விஷயம் பேசற குழுன்னா தாராளமா வாங்க. நேர்முகத்துல நான் ஒரு கேள்வி கண்டிப்பா கேட்க வைப்பேன்: எந்த ஆதாரம் வந்தா உங்க நினைப்பை மாத்திக்குவீங்க? பதில் சொல்லத் தெரியாதவர் எந்தப் பக்கமா இருந்தாலும் சிரமம்தான்.

கள்ளு இறக்கறவர், ஆஷா அக்கா இவங்களைக் குழுவுல போடறது போட்டோவுக்குத்தானே?

பல இடத்துல போட்டோவுக்குத்தான், மறுக்கல. ஆனா ஏசிஐபில ஒரு இடம் நுகர்வோர் தரப்புக்குன்னே உண்டு, இங்கிலாந்து தடுப்பூசிக் குழுவுல பாமர உறுப்பினர்னு இடம் இருக்கு. ஏன்னா விஞ்ஞானிக்குக் கேட்கத் தோணாத கேள்வி ஒண்ணு எப்பவும் இருக்கும்.

நிபாவை எடுத்துக்கங்க. 2018ல கோழிக்கோடு பக்கம் 17 பேர் செத்தாங்க. பழந்தின்னி வௌவால்கிட்டேர்ந்து வர்ற வைரஸ். பங்களாதேஷ்ல ராத்திரி ஈச்ச மரத்துல கட்டின பானையில வௌவால் வந்து நக்கிட்டுப் போகும், காலையில அந்தப் பச்சைச் சாறைக் குடிச்சவங்களுக்கு வந்துச்சு, பானைக்கு மேல மூங்கில் தட்டி கட்டினா வௌவால் நெருங்க முடியாதுன்னு அங்க செஞ்சு பார்த்திருக்காங்க. இதை வெச்சு கேரளாக் கள்ளுக்கு என்ன சொல்றதுன்னு ஒரு தடவை எங்க ரூம்ல பேச்சு வந்துச்சு. ஆறு டாக்டருங்க ஒரு மணி நேரம் பேசினாங்க. நம்ம சித்தூர் பக்கம் தென்னையில ஏறி இறக்கற ஒரு அண்ணன் ஓரமா உக்காந்திருந்தவரு, "சாரே, நம்ம கலயத்தோட வாய் இவ்வளவுதான், பாளையும் உள்ள சொருகி இருக்கு, ஈச்ச மரத்துல வெட்டுன இடம் தொறந்து கிடக்கும், ரெண்டும் ஒண்ணு இல்ல, வேணும்னா ராத்திரி கேமரா வெச்சுப் பாருங்க"ன்னார். கள்ளுல வராதுன்னு அவர் சொல்லல, பார்க்காம பேசாதீங்கன்னார். கேமரா வைக்கணும்னு அன்னைக்கு மினிட்ஸ்ல எழுதினது அவர் சொல்லித்தான்.

இப்படி ஆளைப் போட்டா ஒத்தை ஆளா போடாதீங்க, ரெண்டு பேரா போடுங்க, பேச தைரியம் வரும். ஒரு நாள் கூலி போகுதுல்ல, அதையும் கொடுங்க. மேல காசு இல்லைன்னு சொன்னது சம்பளக்காரங்களுக்கு.

நல்ல ஆளுங்க லெட்டர் போட்டா பதிலே போடறதில்லையே, எப்படிப் பிடிக்கறீங்க?

இதை என்கிட்ட கேட்டது இன்னொரு டிபார்ட்மென்ட்ல இதே வேலை பார்க்கற தம்பி. லெட்டர் போடாதே தம்பி, போன் போடுன்னேன். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்களை அழைப்பதில் பெருமகிழ்ச்சி'ன்னு வர்ற லெட்டரை யாரும் முழுசா படிக்கறதில்ல. போன்ல மூணு விஷயம் சொல்லணும். இந்தக் கேள்விக்கு பதில் தேடறோம், அதுல உங்களோட இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டுத்தான் கூப்பிடறேன், வருஷத்துக்கு இத்தனை நாள் ஆகும். நாளைக் குறைச்சுச் சொல்லாதே, அப்புறம் அவர் பாதியில கழண்டுக்குவார்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு புள்ளியியல் டீச்சர் இருந்தாங்க. மூணு தடவை கூப்பிட்டேன், மூணு தடவையும் "நான் டாக்டர் இல்லைங்களே, எனக்கு நோயைப் பத்தி ஒண்ணும் தெரியாது"ன்னாங்க. நாலாவது தடவை, மீட்டிங்குக்கு வராட்டிப் பரவால்ல, இந்த ஒரு டேபிளை மட்டும் பார்த்துச் சொல்லுங்கன்னு அனுப்பினேன். மறுநாள் காலையில ஏழு மணிக்கு அவங்களே கூப்பிட்டாங்க, "இதுல ரெண்டாவது வரிசையும் அஞ்சாவது வரிசையும் ஒரே ஆளுங்களை ரெண்டு தடவை எண்ணிருக்கு"ன்னு. பதினாலு பேர் பார்த்த டேபிள் அது. ஆறு வருஷம் எங்களோட இருந்தாங்க.

கவர்மெண்ட் காலேஜ், கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஆளுன்னா அனுமதி லெட்டர் வேணும், அந்த ஃபைல் மேல போய் கீழ வர்றதுக்குள்ள மூணு மாசம் ஆயிடும். அவங்க தலையில போடாதீங்க, ஏஜென்சியே அவங்க மேலதிகாரிக்கு எழுதி பின்னாடியே போகணும். ரெண்டு அருமையான ஆளுங்களை இந்த ஃபைல்லயே தொலைச்சிருக்கேன்.

எல்லாரும் ஒரே காலேஜ், ஒரே சாரோட ஸ்டூடண்ட்ஸ். இப்படித்தான் இருக்குமா?

சிபாரிசை மட்டும் நம்பினா இப்படித்தான் வந்து நிக்கும். ஒருத்தர்கிட்ட பேர் கேட்டா அவர் தன் சிஷ்யனைச் சொல்வார், சிஷ்யன் தன் ரூம்மேட்டைச் சொல்வான். சார் வாயைத் திறந்தா மத்தவங்க தலையாட்டுவாங்க, அது குழு இல்ல, குடும்ப விழா. அமெரிக்காவுல 1972 சட்டம் ஒண்ணு ஆலோசனைக் குழுவுல பல பார்வையும் நியாயமான அளவுல இருக்கணும்னே சொல்லுது. நாங்க என்ன பண்ணுவோம்னா, பேர் சொல்றவர்கிட்ட "உங்களோட ஒத்துப்போகாத, ஆனா நீங்க மதிக்கற ஆளு யாரு?"ன்னு கேட்போம். கொஞ்ச நேரம் அமைதியா இருப்பாங்க. அப்புறம் வர்ற பேருதான் நல்ல பேரு.

மீட்டிங் எந்த பாஷையில? நமக்கு இங்கிலீஷ் சரளமா வராது, மலையாளமும் படிக்கத்தான் தெரியும்

பேப்பரெல்லாம் இங்கிலீஷ்தான், அது தப்பிக்க முடியாது. பேச்சு கலந்துதான் ஓடும். எங்க குழுவுல இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு, மலையாளத்துல டீ சொல்லி, சண்டைன்னு வந்தா பாலக்காட்டுக்காரங்க தமிழ்ல போட்டுக்குவாங்க. இங்கிலீஷ் தட்டுத்தடுமாறிப் பேசினாலும் யாரும் மதிப்பு குறைக்கக்கூடாது, குறைச்சா அது தலைவரோட தப்பு.

பேரு வெளிய வருமா? நாளைக்கு யாராவது வீட்டு வாசல்ல வந்து நின்னா?

வரும், வரணும். 2009 பன்றிக்காய்ச்சல் சமயத்துல டபிள்யூ.ஹெச்.ஓ. தன்னோட அவசரக் குழுல யார் யார் இருக்காங்கன்னு வெளியிடல, நெருக்கடி கொடுக்காம இருக்கணும்னு காரணம் சொன்னாங்க. 2010 ஆகஸ்ட்ல எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பேர் வந்துச்சு, அதுக்குள்ள மருந்துக் கம்பெனி ஆளுங்கதான் உள்ள இருக்காங்கன்னு ஊரே பேசிடுச்சு. இங்கிலாந்துலயும் கொரோனாவுக்கு இதே கதை, அவங்க விஞ்ஞானக் குழு பேருங்க 2020 மே வரைக்கும் மூடி வெச்சிருந்தாங்க. மறைக்கறது காப்பாத்தறது மாதிரி தெரியும், ஆனா சந்தேகத்தை வளர்க்கும். இப்ப டபிள்யூ.ஹெச்.ஓ. மீட்டிங்குக்கு முன்னாடியே பேரும் சின்ன அறிமுகமும் போட்டு, யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கன்னு ரெண்டு வாரம் விடுது. பயம் நியாயமானதுதான், அதுக்கு வழி, பேருக்குப் பதிலா போன் நம்பரையும் வீட்டு அட்ரஸையும் மறைக்கறது. பத்திரிகைக்குப் பதில் சொல்றது தலைவரும் ஏஜென்சியும், உறுப்பினர் இல்ல.

எல்லாரும் ஒண்ணு சொல்றப்ப எனக்கு ஒத்துவரலைன்னா வாயை மூடிட்டு இருக்கணுமா?

மூடினா உங்களை எடுத்ததே வேஸ்ட். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சட்டத்துல பெரும்பான்மைப்படி முடிவு, ஆனா உறுப்பினர்களோட கருத்துகள் பதிவாகணும்னு இருக்கு. வாயால சொல்லிட்டு விட்டுடாதீங்க, அரைப்பக்கம் எழுதி கையெழுத்துப் போட்டு மினிட்ஸோட சேர்க்கச் சொல்லுங்க. எதுல ஒத்துப்போகலை, எந்த ஆதாரத்தை வேற மாதிரி படிக்கறீங்கன்னு எழுதுங்க, மத்தவங்க குணத்தைப் பத்தி எழுதாதீங்க. மினிட்ஸ் எழுதற என்னை மாதிரி ஆளுங்க இதை மழுப்பி 'சில உறுப்பினர்கள் கவலை தெரிவித்தனர்'னு போட்டுடுவோம், நானே பண்ணிருக்கேன் ஆரம்பத்துல. டிராஃப்ட் வந்தா படிச்சுப் பாருங்க.

நிபா மாதிரி அவசரம் வந்தா இத்தனை ஃபாரம், இத்தனை மாசம் எல்லாம் நடக்குமா?

நடக்காது. அதனாலதான் அமைதியா இருக்கற காலத்துலயே பட்டியல் போட்டு வெச்சுக்கணும். சர்வதேச சுகாதார விதிமுறைல டபிள்யூ.ஹெச்.ஓ. இப்படி ஒரு நிபுணர் பட்டியல் வெச்சிருக்கு, அவசரக் குழுவை அதுலேர்ந்து எடுக்கும், நோய் வந்த நாடு சொன்ன ஒரு நிபுணராவது அதுல இருக்கணும்னும் இருக்கு. நம்ம மாதிரி எல்லை ஊருக்கு இது ரொம்ப முக்கியம்னு நான் கத்திக்கிட்டே இருப்பேன், வாளையார்ல அந்தப்பக்கம் காய்ச்சல்னா இந்தப்பக்கமும் காய்ச்சல்தான், வௌவாலுக்கு செக்போஸ்ட் கிடையாது. பட்டியல்ல ரெண்டு மாநில ஆளும் இருக்கணும், போன் நம்பர் ஆறு மாசத்துக்கு ஒருதரம் அடிச்சுப் பார்க்கணும், டிக்ளரேஷன் வருஷா வருஷம் புதுசா வாங்கி வெச்சுக்கணும். அவசரம்னு சொல்லி ஃபாரமே இல்லாம ஆளை உள்ள விட்டீங்கன்னா மேல தீவன மெஷின் கதை மறுபடி நடக்கும், இந்த தடவை டிவி கேமராவோட.

அப்ளை பண்ணினேன், செலக்ட் ஆகலை. காரணம் கூட சொல்லல. திரும்பப் போடலாமா?

போடுங்க. காரணம் சொல்லாதது ஏஜென்சியோட தப்பு, ஒரு வரி மெயில் போட்டுக் கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் உங்க மேல குறை இருக்காது, அந்தக் கட்டத்துல ஏற்கனவே ஆள் இருந்திருப்பாங்க. அடுத்த தடவை போடறப்ப அதே அப்ளிகேஷனை அப்படியே அனுப்பாம, கட்டம் எது காலியா இருக்கும்னு யோசிச்சு எழுதுங்க. உறுப்பினரா எடுக்கலைன்னாலும் வரைவைப் படிச்சுக் கருத்து சொல்ற வெளி ரிவ்யூவரா பேர் கொடுக்கலாம், அங்க போட்டி கம்மி, நல்லா எழுதினா செக்‌ஷன்ல பேரு ஞாபகம் இருக்கும்.

வேலந்தாவளம் பக்கம் ஒரு மாட்டு டாக்டர் ரெண்டு தடவை போட்டு ரெண்டு தடவையும் கிடைக்கல. ரிவ்யூவுக்கு அனுப்பின எழுவது பக்கத்துல முப்பத்தியொரு இடத்துல பென்சில்ல குறிச்சு அனுப்பி வெச்சார், அதுல இருபத்தியெட்டு சரி. மூணாவது தடவை அவர் அப்ளிகேஷன் போடல, நான்தான் போன் போட்டேன். மாட்டுக்குப் பிரசவம் பார்த்துட்டு இருக்கேன் மேடம், அப்புறம் கூப்பிடுங்கன்னு வெச்சுட்டார்.